கருக்குவிளைக் கிணற்றில் கடல்

நிலத்தடி நீர் நிபுணர் டாக்டர் ஷாம் பேச ஆரம்பித்து இருபது நிமிடம் ஆகிவிட்டது. இன்னும் ஒரு தடவைகூடக் கிணற்றுக்குள் எட்டிப் பார்க்கவில்லை.

"நிலத்தடி நீர்னா பூமிக்கு அடியில ஓடுற ஆறுன்னு பாமர ஜனங்க நினைக்கிறாங்க," என்றார். தலையில் தொப்பி, கண்ணில் கறுப்புக் கண்ணாடி, கையில் முப்பத்தெட்டுப் பக்க அறிக்கை. "தப்பு. மணலுக்கும் மணலுக்கும் நடுவுல இருக்கிற இடுக்குலதான் தண்ணி நிக்குது. நனைச்ச பஞ்சு மாதிரி. அந்தப் பஞ்சுக்குப் பேரு நீர்தாங்கி. அதுல நனைஞ்ச பகுதியோட மேல் விளிம்புக்குப் பேரு நீர்மட்டம். கிணறுங்கிறது அந்தப் பஞ்சுல போட்ட ஓட்டை. அவ்வளவுதான்."

"அந்தப் பஞ்சைத்தான் சார் இருபது நிமிஷமா நம்ம காதுல அடைக்காரு," என்று ஜெர்லின் முணுமுணுத்தாள்.

அற்புதமணி சிரிக்கவில்லை. அவர் சிரித்துப் பார்த்தவர்கள் தூத்துக்குடியில் மிகக் குறைவு. துப்பறியும் தொழிலுக்கு வருமுன் முப்பது வருஷம் துறைமுகத்தில் இன்ஷூரன்ஸ் சர்வேயராக இருந்தவர். தன் சரக்கைத் தானே நனைத்துவிட்டு மாரில் அடித்துக்கொண்டு அழுத முதலாளிகளைப் பார்த்துப் பார்த்து, மனிதர்கள் மேல் இருந்த மரியாதையைத் துறைமுக வாசலிலேயே இறக்கி வைத்துவிட்டு வந்தவர். அவர் கணக்கில் உலகத்தில் இரண்டே ஜாதி. பொய் சொல்லத் தெரிந்தவர்கள், பொய் சொல்லத் தெரியாதவர்கள். இரண்டாவது கூட்டத்தின் மேல்தான் அவருக்கு ஏளனம் அதிகம்.

ஜெர்லின் அவருடைய உதவியாள். மணப்பாட்டுப் பெண். வாய்க்கு வேலி கிடையாது. ஆறு வருஷமாக அவரிடம் திட்டு வாங்கியும் அந்த வாய் சிறிதுகூடத் தேயவில்லை என்பதில் அவருக்கு உள்ளூர ஒரு திருப்தி உண்டு. அதை ஒருநாளும் சொன்னதில்லை.

இருவரும் காலை பத்தரை மணிக்குக் கருக்குவிளைக்கு வந்து சேர்ந்திருந்தார்கள். சாகுபுரம் தாண்டித் திருச்செந்தூர் போகும் வழியில், கடலுக்கு ஒன்றரை மைல் உள்ளே, செம்மணல் மேடான தேரிக்கு நடுவில் தொண்ணூறு வீடும் பதினாலு முருங்கைத் தோட்டமும் கொண்ட ஊர். சுற்று வட்டாரத்தில் எங்கே தோண்டினாலும் கரிப்பு. இந்த ஒரு கிணறு மட்டும் நல்ல தண்ணீர். போன வெள்ளிக்கிழமை காலையில் அதுவும் கடல் தண்ணீராகிவிட்டது.

ஊர் கூடி யோசித்தது. ஊர் கூடி யோசித்தால் என்ன வரும் என்பது அற்புதமணிக்குத் தெரியும். உப்பு யாரிடம் இருக்கும்? உப்பளத்தில் வேலை பார்க்கிறவனிடம். ஊரில் உப்பளத்துக்குப் போகிறவன் சுடலைக்கண்ணன் ஒருவன்தான். முந்தின வாரம்தான் மோட்டார் முறைக்காகக் கிணற்றடியில் சண்டை போட்டிருக்கிறான். அவன் வீட்டில் இரண்டு மூட்டை உப்பும் இருந்தது. போதாதா? சப் இன்ஸ்பெக்டர் பேச்சிராஜா நேற்றுச் சாயங்காலம் வந்து அவனை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். ஊர்க் கிணற்றைக் கெடுத்தவன் என்று இன்றைக்கு நாலு மணிக்குத் திருச்செந்தூர் கோர்ட்டில் நிறுத்தப் போகிறார்.

இதில் அற்புதமணியைக் கூட்டிவந்தவர் ஆறுமுகநயினார். தண்ணீர் லாரியும் முருங்கைக்காய்க் கமிஷனும் வைத்திருக்கும் அண்ணாச்சி. வெள்ளை வேட்டி, நெற்றி நிறையத் திருநீறு, எந்நேரமும் கூப்பியபடி இருக்கும் கை. காலையில் அற்புதமணியின் ஆபீசுக்கு வந்து கண் கலங்கினார்.

"ஏழைப் பய சார். அவன் செய்யல. கடல்தான் அடியோட உள்ள வந்திட்டு. டாக்டரு என் கைக்காசுலதான் வந்து பாத்துச் சொல்லிருக்காரு. போலீஸ்காரன் நம்ப மாட்டேங்கான். நீங்கதான் நிரூபிச்சுக் குடுக்கணும். உங்களுக்குத்தான் போலீஸ்காரனக் கண்டா ஆவாதாமே."

போலீஸ் சொல்வது தப்பு என்று யாராவது சொன்னால் அற்புதமணிக்குக் காது இனிக்கும். உடனே கிளம்பிவிட்டார்.

இப்போது கிணற்றடியில் ஊரே நின்றது. அண்ணாச்சி இலவசமாக விடும் தண்ணீர் லாரிக்கு முன்னால் பெண்கள் குடத்தோடு வரிசை கட்டியிருந்தார்கள். வரிசைக்கு வெளியே, பத்தடி தள்ளி, காலிக் குடத்தோடு ஒருத்தி மட்டும் தனியாக நின்றாள். சுடலைக்கண்ணனின் மனைவி சீனித்தாய். முப்பது வயதிருக்கும். அழுது ஓய்ந்த முகம்.

"நீ ஏன் வரிசையில நிக்கல?" என்று கேட்டார் அற்புதமணி.

"நின்னேன் சார். குடத்தத் தூக்கி எறிஞ்சுட்டாவ." அவள் குரலில் புகார்கூட இல்லை. "நேத்து ராத்திரி பிள்ளைக்குக் கஞ்சி காச்ச ஒரு சொம்புத் தண்ணி கேட்டேன். ஒரு வீட்டுலயும் கதவத் திறக்கல. கிணத்தக் கெடுத்தவன் பொண்டாட்டிக்குத் தண்ணி குடுத்தா பாவம் சேந்திருமாம். அவிய ஜெயிலுக்குப் போயிட்டாவன்னா நான் பிள்ளையக் கூட்டிக்கிட்டு எங்கன சார் போவேன்?"

வரிசையில் நின்ற முருகேஸ்வரி என்ற பெண், "எங்கனயாவது போயித் தொலை," என்று காற்றைப் பார்த்துச் சொன்னாள். நாலைந்து பேர் சிரித்தார்கள்.

அற்புதமணி அந்த வரிசையை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு அண்ணாச்சியிடம் திரும்பினார். "லாரி உங்களோடதுதானே? அவளுக்கு ஒரு குடம் விடச் சொல்லுங்களேன்."

"விடலாம் சார்." அண்ணாச்சி கையைப் பிசைந்தார். "ஊர்ச் சொல்லத் தட்ட முடியலல்லா."

"கை கூப்ப முடியுது, குழாயத் திறக்க முடியல," என்றாள் ஜெர்லின், வேறெங்கோ பார்த்தபடி. தங்கள் காரிலிருந்த தண்ணீர் கேனைத் தூக்கிச் சீனித்தாயிடம் கொடுத்தாள். சீனித்தாய் அதை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடினாள்.

அற்புதமணி வேலையைத் தொடங்கினார். முதலில் கிணற்றை எட்டிப் பார்த்தார். அந்த ஊரில் அன்று அதைச் செய்த முதல் ஆள் அவர்தான். பதிமூன்றடி அகலம். உள்ளே பத்தடி தண்ணீர்.

"ஜெர்லின், எத்தனை லிட்டர்?"

அவள் போனில் தட்டினாள். "முப்பத்தெட்டாயிரம் சார்."

"கடல்ல பாதி கரிப்பு வரணும்னா?"

"பதிமூணு மூட்டையாவது கொட்டணும். சுடலைக்கண்ணன் வீட்டுல ரெண்டு மூட்டை அப்படியே இருக்கு. அவன்கிட்ட இருக்கிறது ஒரு சைக்கிள். கேரியர்கூடக் கிடையாது. மூட்டைய மடியில வச்சுத் தாலாட்டிக்கிட்டே கொண்டாந்திருப்பானோ?"

"பேச்சிராஜா அப்படித்தான் நம்புவார். அவருக்குக் கூட்டல் வரும். வகுத்தல் வராது." அற்புதமணி டாக்டர் ஷாமிடம் வந்தார். "சரி டாக்டர். கடல் எப்படி உள்ளே வந்தது? ரெண்டே வாக்கியம்."

டாக்டர் ஷாம் அவமானப்பட்டவர் போலத் தொப்பியைச் சரி செய்தார். "கடலோரத்துல மணலுக்கு அடியில கடல் தண்ணி எப்பவுமே இருக்கு. நல்ல தண்ணி லேசானது, அதுமேல மிதக்குது. கடல் மட்டத்துக்கு மேல ஒரு அடி நல்ல தண்ணி நின்னா, கீழ நாப்பது அடி நல்ல தண்ணி இருக்கும். மேல ஒரு அடிய நீங்க இறைச்சுக் காலி பண்ணினா, கீழ நாப்பது அடி போச்சு. கடல் மேல வந்துரும்."

"நாலு வாக்கியத்துக்கு மேல ஆயிட்டு," என்றாள் ஜெர்லின்.

"ஆனா உருப்படியானவை," என்றார் அற்புதமணி. அவர் வாயிலிருந்து இது பெரிய பாராட்டு. "இப்போ இந்தக் கிணற்றில் மோட்டார் போட்டு இறைத்தால் என்ன ஆகும்?"

"இறைக்கவே கூடாது! அறிக்கையில தடித்த எழுத்துல போட்டிருக்கேன். இறைச்சா, அடியில இருக்கிற உப்புத் தண்ணி கூம்பு மாதிரி மேல எழும்பும். இறைக்க இறைக்கக் கரிப்பு கூடும்."

"சரி. ஒரு பேச்சுக்கு, யாரோ மூட்டைய அவிழ்த்துக் கொட்டியிருக்கான்னு வச்சுக்குவோம். அப்போ இறைத்தால்?"

"அப்போ கெட்டுப்போனது கிணறும் அதை ஒட்டின கொஞ்சம் மணலும்தான். இறைச்சு வெளியே விட்டா, சுத்தி இருக்கிற நல்ல தண்ணி ஊறி வந்து கிணறு பழையபடி ஆயிரும். சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்."

"அந்தச் சின்னப் பிள்ளையை முதலிலேயே கூப்பிட்டிருந்தால் முப்பத்தெட்டுப் பக்கம் மிச்சம்." அற்புதமணி போனை எடுத்தார். "பேச்சிராஜாவா? கருக்குவிளைக்கு வாரும். கிணற்றை இறைக்கப் போறேன். கரிப்பு கூடினால் கடல், குறைஞ்சா உப்பு மூட்டை. நீரே குடிச்சுப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லலாம். நாக்கு இருந்தா போதும், மூளை தேவைப்படாது."

ஆறுமுகநயினார் ஓடி வந்தார். "சார், சார்! டாக்டரு இறைக்கக் கூடாதுங்காரு. மோட்டார் ரூமப் பூட்டி, நோட்டீஸ் ஒட்டி வச்சிருக்கு. அறிக்கைய மட்டும் கோர்ட்டுல குடுத்தா போதாதா?"

"மாஜிஸ்திரேட்டுக்கு முப்பத்தெட்டுப் பக்கம் படிக்கிற நோய் எதுவும் இருக்கிறதாகத் தெரியவில்லை. இது ஒரு டம்ளரில் முடிகிற விஷயம்."

"கூடுதலா உப்பாயிட்டுன்னா?"

"ஆகத்தான் வேண்டும். அப்போதுதானே சுடலைக்கண்ணன் வெளியே வருவான். உங்களுக்கும் அதுதானே வேணும்?"

அண்ணாச்சி மோட்டார் ரூம் சாவியை மடியிலிருந்து மெதுவாக எடுத்தார்.

பதினொன்றேகாலுக்கு மோட்டார் ஓட ஆரம்பித்தது. தண்ணீர் திரும்ப மணலில் இறங்கிவிடாதபடி வாய்க்கால் வழியாகத் தூரத்து ஓடைக்குத் திருப்பி விட்டார்கள். சற்று நேரத்தில் பேச்சிராஜாவும் ஜீப்பில் வந்து இறங்கினார். பெரிய மீசை, அதைவிடப் பெரிய வயிறு. அற்புதமணியைப் பார்த்தாலே அவர் முகம் சுருங்கிவிடும். இன்றைக்கும் அப்படித்தான்.

கால் மணிக்கு ஒரு டம்ளர் என்று ஏற்பாடு. ருசி பார்ப்பது ஜெர்லின்.

முதல் டம்ளரை வாயில் விட்டதும் ஓடிப்போய்த் துப்பினாள். "மாதாவே! கடலே தேவலாம் சார். இதுல உப்போட ஒரு கசப்பும் கிடக்கு."

இரண்டாவது டம்ளர் அப்படியே. மூன்றாவதும் அப்படியே. அற்புதமணி வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, பேச்சிராஜாவுக்குக் கூட்டல் கழித்தல் பற்றி ஒரு சிறு வகுப்பு எடுத்தார். பேச்சிராஜா மீசையைக் கடித்துக்கொண்டு கேட்டார். டாக்டர் ஷாம் தன் கூம்பைப் பற்றிப் படம் வரைந்து காட்டினார். சீனித்தாய் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு திரும்பி வந்து, ஒவ்வொரு டம்ளருக்கும் ஜெர்லினின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஐந்தாவது டம்ளரில் ஜெர்லின் துப்பவில்லை.

"என்ன?"

"கொஞ்சம் குறைஞ்ச மாதிரி இருக்கு சார்."

"உன் நாக்கு மரத்துப் போயிருக்கும். கொப்பளிச்சிட்டுக் குடி."

ஏழாவது டம்ளரை அவள் பாதி விழுங்கிவிட்டாள். ஒன்பதாவது டம்ளரை முழுக்கக் குடித்துவிட்டு, உதட்டைத் துடைத்துக்கொண்டு, முதலாளியைப் பார்க்காமல் சொன்னாள். "நல்ல தண்ணி."

அற்புதமணி டம்ளரைப் பிடுங்கித் தானே பிடித்துக் குடித்தார். தித்திப்பு. தூத்துக்குடியில் அவர் வீட்டுக் குழாயில் வருவதைவிட நல்ல தண்ணீர்.

ஊரே ஓவென்று கத்தியது. குடங்கள் உருண்டன. பேச்சிராஜா எழுந்து நின்றார். அவர் வாழ்க்கையில் இப்படி ஒரு மத்தியானம் வந்ததில்லை.

"என்ன வே துப்பறியும் புலி? கரிப்பு குறைஞ்சா உப்பு மூட்டைன்னு நீரே சொன்னீரு. நீரே இறைச்சீரு. நீரே குடிச்சீரு. பதிமூணு மூட்டைய எப்படிக் கொண்டாந்தான்னு இனி ஸ்டேஷன்ல வச்சு நான் கேட்டுக்கிடுதேன். உப்பளத்துல உப்புக்கா பஞ்சம்?" அவர் சிரித்த சிரிப்பில் வயிறு தனியாகக் குலுங்கியது. "ரொம்ப நன்றி வே. எனக்குச் சாட்சியே இல்லாம இருந்திச்சு."

சீனித்தாய் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவள் அற்புதமணியைப் பார்த்தாள். திட்டியிருந்தால்கூடத் தேவலாம். வெறுமனே பார்த்தாள்.

அற்புதமணிக்கு முகம் எரிந்தது. முப்பது வருஷமாக ஊரையெல்லாம் முட்டாள் என்று சொன்ன வாய். இன்றைக்கு அந்தப் பட்டத்தை அவரே எடுத்துத் தலையில் சூட்டிக்கொண்டிருக்கிறார். போலீஸ் சொன்னது தப்பு என்று ஒருத்தர் வந்து காதில் ஓதியதும், மூக்கணாங்கயிறு போட்ட மாடு மாதிரி பின்னாலேயே வந்துவிட்டார். தன்மேல் அவருக்கு வந்த அருவருப்பு கொஞ்சநஞ்சமல்ல.

அப்போதுதான் அவர் கண்ணில் அது பட்டது. கிணறு பிழைத்துவிட்டது. கிழவன் கிழவி எல்லாம் சிரிக்கிறார்கள். டாக்டர் ஷாம்கூட, தன் அறிக்கை செத்தது தெரியாமல் இளித்துக்கொண்டிருந்தார். ஒரே ஒரு முகம் மட்டும் தொங்கிப் போயிருந்தது. ஆறுமுகநயினார் துண்டால் கழுத்தைத் துடைத்துத் துடைத்து, துண்டே நனைந்துவிட்டது.

கிணறு நல்லதானால் அண்ணாச்சிக்கு என்ன துக்கம்?

அற்புதமணி சீனித்தாய் முன்னால் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். இந்த மாதிரி அவர் யார் முன்னாலும் உட்கார்ந்து ஜெர்லின் பார்த்ததில்லை.

"வெள்ளிக்கிழமை முதலில் தண்ணீர் இறைத்தது யாரு?"

"நான்தான் சார். விடியக்காலம் அஞ்சு மணிக்கு. உப்புன்னு ஊரக் கூட்டிச் சத்தம் போட்டதும் நான்தான்."

"அன்றைக்கு வேறே ஏதாவது மாறியிருந்ததா? உப்பை விட்டுவிடு. வேறே ஏதாவது?"

அவள் யோசித்தாள். "கயிறு மிஞ்சிச்சு."

"என்னது?"

"எப்பவும் வாளிய விட்டா, கயித்துல மூணாவது முடிச்சு கைக்கு வரும்போதுதான் தண்ணி தட்டும். அன்னைக்கு ரெண்டாவது முடிச்சுலயே தட்டிட்டு. ரெண்டு முழக் கயிறு கையில மிஞ்சிச்சு. என்னடா தண்ணி ஏறிருக்கேன்னு சந்தோசப்பட்டேன். வாயில விட்டா உப்பு. அப்புறம் அந்தக் கலாட்டாவுல கயித்த யாரு நினைச்சா? மத்தியானம் பாத்தா மறுபடியும் மூணாவது முடிச்சுக்கே போயிட்டு."

அற்புதமணி மெல்ல எழுந்தார். முகத்தில் பழைய ஏளனம் திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டது. ஜெர்லினுக்கு மூச்சு வந்தது.

"டாக்டர். வெள்ளிக்கிழமை நீங்கள் எப்போது வந்தீர்கள்?"

"அண்ணாச்சி போன் பண்ணினதும் கிளம்பி, மத்தியானம் மூணு மணிக்கு வந்தேன்."

"மழை பெய்து அஞ்சு மாசம் ஆகிறது. மணலில் ஊறி நிற்கிற தண்ணீர் ஒரே ராத்திரியில் இரண்டு முழம் ஏறுமா?"

"சான்ஸே இல்ல. நீர்மட்டம் அப்படித் துள்ளிக் குதிக்காது. கடல் உள்ள வந்தாலும் வருஷக் கணக்குல அங்குலம் அங்குலமாத்தான் வரும்."

"மூட்டையில் உப்பைக் கொட்டினால்?"

"அது கரைஞ்சிரும். ஒரு சாண்கூட ஏறாது."

"தண்ணியாக் கொண்டுவந்து ஊற்றினால்?"

"ஊத்தினா உடனே ஏறும். அப்புறம் சுத்தி இருக்கிற மணல் கொஞ்சம் கொஞ்சமா வாங்கிக்கிட்டு, அரை நாள்ல பழைய மட்டத்துக்கு..." டாக்டர் ஷாம் அங்கேயே நின்றுவிட்டார். முப்பத்தெட்டுப் பக்கத்தில் அவர் எழுதாமல் விட்டது அது ஒன்றுதான்.

"ஜெர்லின். பதிமூன்றடி அகலக் கிணறு. ரெண்டு முழம் உயரம்."

"பன்னிரண்டாயிரம் லிட்டர் கிட்டத்தட்ட." அவள் போனிலிருந்து தலையைத் தூக்கி, ஊருக்கு நடுவில் நின்ற லாரியைப் பார்த்தாள். அதன் முதுகில் பச்சைப் பெயிண்டில் பெரிதாக எழுதியிருந்தது: பன்னிரண்டாயிரம் லிட்டர். "ஒரு லோடு சார். சிந்தாம சிதறாம."

ஊரே லாரிப் பக்கம் திரும்பியது.

"கொட்டினது மூட்டை உப்பு இல்லை பேச்சிராஜா," என்றார் அற்புதமணி. "உப்பளப் பாத்தியில் உப்பு வாரினதும் மிஞ்சுமே, கசப்புத் தண்ணி. சும்மாவே கிடைக்கும். அதை லாரியில் கொண்டுவந்து ஊற்றியிருக்கான். சைக்கிளில் வராது."

"லாரி என்கிட்ட மட்டுமா இருக்கு?" அண்ணாச்சியின் குரல் கீச்சிட்டது. கை கூப்புவதை மறந்துவிட்டிருந்தார். "ஏரல்ல இருந்து திருச்செந்தூர் வரைக்கும் நூறு லாரி ஓடுது. எவன் ஊத்தினானோ!"

"அதுவும் சரிதான். நூறு லாரியில் எது என்று எப்படிக் கண்டுபிடிக்கிறது?" அற்புதமணி தாடையைச் சொறிந்தார். "ஜெர்லின், கசப்புத் தண்ணி ஏற்றின டாங்கியில் அடுத்த லோடு நல்ல தண்ணி ஏற்றணும்னா என்ன செய்யணும்?"

"நல்லாக் கழுவணும் சார். ரெண்டு மூணு தடவை."

"அதற்கு?"

"நல்ல தண்ணி செலவாகும். தண்ணி விக்கிறவருக்கு ரத்தம் கொதிக்கும்."

அவள் லாரிக்குப் பக்கத்தில் போய் டிரைவரிடம் பல்லைக் காட்டி, வெள்ளிக்கிழமை முதல் லோடு யாருக்குப் போனது என்று கேட்டாள். திரும்பி வந்து ஒரு நம்பரைத் தட்டி, எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டாள்.

"திருச்செந்தூர் லாட்ஜா? மேனேஜர் ஜெயகணேஷ் அண்ணாச்சியா? ஆறுமுகநயினார் அண்ணாச்சி தண்ணி லாரி ஆபீஸ்ல இருந்து பேசுதேன். தண்ணி எல்லாம் எப்படி இருக்குன்னு விசாரிக்கச் சொன்னாவ."

"இப்பத்தான் விசாரிக்கியளாக்கும்?" மறுமுனையில் ஒரு குரல் வெடித்தது. "வெள்ளிக்கிழமை காலையில ஒரு லோடு அனுப்பிச்சியளே, அது தண்ணியா? அறுபது ரூம் பக்தர்கள். காப்பிக்குப் பால் காச்சினா மொத்தமும் திரிஞ்சு போச்சு. வாயில வைக்க வெளங்கல, ஒரே கரிப்பு. டாங்கியக் கழுவலையாலேன்னு டிரைவரக் கேட்டா, கழுவினா நல்ல தண்ணி வீணாப்போகும்னு முதலாளி திட்டுவாருங்கான். இப்படி ஒரு கருமி உண்டுமா உலகத்துல?"

"இல்ல அண்ணாச்சி. நான் பாத்ததுல இவருதான் முதல்," என்று சொல்லி ஜெர்லின் போனை வைத்தாள்.

லாரி டிரைவர் ஏற்கனவே பேச்சிராஜாவின் காலடியில் உட்கார்ந்திருந்தான். "சொன்ன இடத்துக்கு நான் லாரிய ஓட்டினேன் சார். ஊத்தச் சொன்னது முதலாளி."

அண்ணாச்சி எதையும் மறுக்கவில்லை. மறுப்பதற்கு ஒரு பொய் வேண்டும். அவரிடம் கைவசம் இல்லை.

"ஆனா ஏன் வே?" பேச்சிராஜா உண்மையிலேயே குழம்பிப்போயிருந்தார். "சுடலைக்கண்ணன வெளிய எடுக்கணும்னு உம்மக் கூட்டியாந்ததே இவருதானே?"

"அங்கேதான் இவருடைய புத்தி இருக்கிறது. ரொம்பப் பெரிய புத்தி இல்லை. டாங்கி கழுவுகிற அளவுக்குக்கூட இல்லை." அற்புதமணி ஒரு ஈயைத் தட்டுவது போல ஆறுமுகநயினாரைக் காட்டினார். "ஒரு ஆள் உப்பைக் கொட்டினான் என்றால் ஊர் என்ன செய்யும்? இறைத்துவிட்டுப் பிழைப்பைப் பார்க்கும். கடலே உள்ளே வந்துவிட்டது என்றால்? பதினாலு தோட்டமும் பாழ். இவர் என்ன விலைக்குக் கேட்டாலும் கொடுத்துவிட்டு ஓடுவார்கள்; அடியில் இருக்கிற நல்ல தண்ணி முழுக்க இவர் லாரிக்கு. அதனால் கடல்தான் வந்தாகணும். இறைக்கக் கூடாது என்று எழுத ஒரு டாக்டர். நடுவில் போலீஸ்காரர் நீர் புகுந்து ஒரு மனுஷனைப் பிடித்துக் கதையைக் கெடுத்துவிட்டீர். நீர் சொன்னால் எதிர்த்துச் சொல்கிற ஒரு அடிமுட்டாள் தேவைப்பட்டான். தூத்துக்குடிக்கு வந்து என்னைத் தேர்ந்தெடுத்தார். தேர்வு சரிதான். அதுதான் எனக்குக் கோபம்."

"நேத்துத்தான் எங்க தோட்டத்துக்கு அட்வான்ஸ் பேசினாரு," என்றாள் முருகேஸ்வரி, மெதுவாக. "உப்படிச்ச மண்ணு, இருந்தாலும் நம்ம சனம்னு சொன்னாரு. தெய்வமேன்னு கும்பிட்டேன்."

"கும்பிட ஆள் தேர்ந்தெடுப்பதில் உங்கள் ஊர் கெட்டி," என்றார் அற்புதமணி.

பேச்சிராஜா போனை எடுத்தார். குரல் இறங்கியிருந்தது. "ஏலே, அந்தச் சுடலைக்கண்ணன வெளிய விடு. ஆமாலே. ஜீப்புல ஏத்தி வீட்டுல கொண்டாந்து விடணும். சாப்பாடு வாங்கிக் குடுத்துக் கூட்டியா." பிறகு ஆறுமுகநயினாரின் தோளில் கையைப் போட்டார். "வாரும் அண்ணாச்சி."

ஊர்ப் பெண்கள் இப்போது சீனித்தாயைச் சுற்றிக்கொண்டார்கள். ஒருத்தி பிள்ளையின் கன்னத்தைத் தட்டினாள். இன்னொருத்தி காலிக் குடத்தை வாங்க வந்தாள். முருகேஸ்வரி எல்லோரையும் இடித்துக்கொண்டு முன்னால் வந்து, "ஏளா சீனி, மனசுல வச்சுக்கிடாதளா. ஆத்திரத்துல ஒரு சொல்லு வந்திட்டு. கொண்டா, நான் பிடிச்சுத் தாரேன்," என்றாள். சீனித்தாய் குடத்தைக் கொடுக்கவில்லை.

ஜீப்புக்குப் போகிற வழியில் ஆறுமுகநயினார் நின்றுவிட்டார். காலையிலிருந்து வெயிலில் நின்றதில் நா வறண்டிருந்தது. வாய்க்கால் வரப்பில் உட்கார்ந்து இருமினார். "தண்ணி," என்றார். "கொஞ்சம் தண்ணி."

ஒருத்தரும் நகரவில்லை. தொண்ணூறு வீட்டு ஜனமும் அவர் இருமுவதைப் பார்த்துக்கொண்டு நின்றது. அவருடைய லாரி பத்தடி தள்ளி நின்றது.

சீனித்தாய் பிள்ளையை ஜெர்லின் இடுப்புக்கு மாற்றினாள். மோட்டார்க் குழாய்க்குப் போனாள். ஒரு சொம்பை நன்றாக அலசி, தண்ணீர் பிடித்து, கூட்டத்துக்கு நடுவில் நடந்து வந்து ஆறுமுகநயினாரின் முன்னால் நீட்டினாள்.

"குடிங்க அண்ணாச்சி," என்றாள். பேச்சு அவரோடுதான். பார்வை மட்டும் முருகேஸ்வரியில் தொடங்கி வரிசையாக ஒவ்வொரு முகமாகப் போயிற்று. "தண்ணின்னு கேட்டவங்களுக்கு இல்லன்னு சொல்ல எங்க வீட்டுல யாருக்கும் தெரியாது."

ஆறுமுகநயினார் இரண்டு கையாலும் சொம்பை வாங்கினார். குடிக்கவும் முடியவில்லை, கீழே வைக்கவும் முடியவில்லை. பெண்கள் ஒவ்வொருத்தியாகத் தரையைப் பார்த்தார்கள். சீனித்தாய் திரும்பிப் போய்த் தன் குடத்தைத் தானே நிறைத்து இடுப்பில் வைத்துக்கொண்டு, புருஷன் வருகிற நேரத்துக்குச் சோறு வடிக்க வீட்டுக்கு நடந்தாள்.